எருமைகளுக்கு முன்னால் ஓடியவர்

‘எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல’ என்று முதலில் சொன்ன ஆள் எருமை ஓடிப் பார்த்திருக்கவே மாட்டார். நான் பார்த்திருக்கிறேன். ஐந்து எருமைகள், ஒரே மூச்சில், நான் ஒளிந்திருந்த மட்டைக் குவியலுக்கு ஒரு கை தூரத்தில் ஓடின. தரை அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது, கையில் பிடித்திருந்த கைலி தன்னாலேயே ஆடியது. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்துவிட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் அண்ணன் கடற்கரை ஊரான சி ரூசாவுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எருமை வண்டி ஓட்டுகிறார். “இந்தக் காலத்துலயா?” என்று சிரம்பானில் என் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் கேட்பார்கள். இந்தக் காலத்தில்தான். தாழ்வான மர நிரைகளில் மழைக்குப் பிறகு டிரெக்டர் இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும். எருமை புதையாது. மரத்துக்கு மரம் நின்று, பழக்குலைகளை வண்டியில் வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே அடுத்த மரத்துக்குப் போகும். அண்ணனிடம் ஐந்து இருந்தன, ஐந்தும் பெண். அதில் மூத்ததைப் பெரியவள் என்போம். பெரியவள் நடந்தால் மற்ற நான்கும் நடக்கும், அவள் நின்றால் நிற்கும்.

போன வருஷம் பக்கத்து நிலத்தில் வீடுகள் கட்டுவதற்காகக் காங்கிரீட் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்க ஆரம்பித்தார்கள். முதல் அடி விழுந்த காலையிலேயே ஐந்தும் பட்டியின் கட்டையை முறித்துக்கொண்டு ஓடிவிட்டன. தோட்டத்துக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே ஒரு சதுப்புப் புதர்க்காடு இருக்கிறது. அதற்குள் போய் நின்றுகொண்டன. தோட்டத்துப் பையன்கள் மோட்டாரில் விரட்டிப் பார்த்தார்கள். ஹாரன் அடித்தார்கள், கூவினார்கள், அதனால் எருமைகளுக்கு மோட்டார் என்றாலே மிரட்சி வந்ததுதான் மிச்சம். அண்ணன் கஞ்சியைக் காட்டிக் கூப்பிட்டும் தூண் சத்தம் கேட்ட பட்டிப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் மாலை ஒன்று சாலையில் ஏறி நின்றுவிட்டது. வந்த கார் ஒதுங்கிச் சாலையோர வாய்க்காலான பாரிட்டில் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை, ஆனால் விஷயம் மேலே போய்விட்டது. ஓர் அதிகாரி வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிறு மாலைக்குள் பட்டியில் அடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் துப்பாக்கியோடு ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் எனக்குப் போன் செய்தார். “சும்மாதான் கூப்டேன்” என்றார். என் அண்ணன் அதிகம் பேசுகிற ஆள் இல்லைதான், ஆனால் சும்மா போன் செய்கிற ஆளும் இல்லை. பின்னாலிருந்து அண்ணி, “ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் டைம்மாம், சொல்லுங்க, தங்கச்சிகிட்ட சொல்லுங்க!” என்று கத்துவது கேட்டது. நான் கடையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே படபடப்பு. பயத்தால் இல்லை. எனக்கு ஒரு வழி தெரியும் என்று தோன்றிவிட்டது, அதனால்.

நான் கனடாவில் நான்கு வருஷம் இருந்தேன். அல்பர்ட்டாவின் தென்பகுதியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. என் கூடவே உருளைக்கிழங்கு உரித்தவள் பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி இனத்துக்காரி. அந்தச் சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் அவர்கள் பூமி. என் வயதுதான், என்னைப் போலவே வாய். எங்கள் நாட்டு எருமையைப் போனில் காட்டினேன். “தாடி எங்கே?” என்று கேட்டாள். அவர்கள் ஊர்க் காட்டெருமைக்குத் திமிலும் உண்டு, தாடியும் உண்டு, ஆள் உயரம் உண்டு. அதைத் துப்பாக்கி இல்லாமல், குதிரைகூட இல்லாமல், கால்நடையாகவே தங்கள் முன்னோர் வேட்டையாடினார்கள் என்றாள். நான் நம்பவில்லை. உடனே கிழங்குத் தோலை எடுத்து மேசையில் படமே போட்டுவிட்டாள்.

புல்வெளியில் இரண்டு வரிசையாகக் கற்குவியல்கள். ஆரம்பத்தில் அகலமாக விரிந்து கிடக்கும், போகப் போக நெருங்கி வந்து ஒரு பாறை விளிம்பில் முடியும். குவியலுக்குப் பின்னால் ஆண், பெண், கிழம், குட்டி என்று எல்லோரும் தோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். மந்தை விலகப் பார்த்தால் எழுந்து தோலை உதறுவார்கள். மந்தைக்குப் பின்னால் சிலர் ஓநாய்த் தோலோடு. முன்னால் ஒரே ஒரு ஆள், கன்றுத்தோல் போர்த்தி, வழி தப்பிய கன்றைப் போலக் கத்திக்கொண்டே போவான். கன்றைக் காப்பாற்றத் தாய்கள் பின்னால் வரும். நடை ஓட்டமாகும். கடைசியில் விளிம்பு வரும்போது முன்னால் இருப்பவை நிற்க நினைத்தாலும் பின்னால் வருபவை தள்ளிவிடும்.

ஒரு விடுமுறையில் அப்படிப்பட்ட ஒரு பாறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். ஆளைத் தூக்கிவிடும் காற்று. விளிம்பில் நின்று அவள் கையை நீட்டி, இங்கிருந்து அங்கே வரை கூடாரங்கள், அங்கே இறைச்சி காயப்போடுவார்கள், இங்கே எலும்பை உடைத்துக் கொழுப்பு எடுப்பார்கள் என்று காட்டக் காட்ட எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நாள் வேட்டை குளிர்காலத்தையே ஓட்டிவிடும். காய்ந்த இறைச்சியை இடித்து, கொழுப்பும் காட்டுப்பழமும் சேர்த்துப் பிசைந்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தோல் கூடாரமாகும், நரம்பு நூலாகும், இரைப்பை தண்ணீர்ப் பையாகும், மரமில்லாத வெளியில் காய்ந்த சாணம் விறகாகும். “கடைக்குப் போகவே வேண்டாம், கடையே நாலு காலில் நடந்து வரும்” என்றேன். அவள் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: வெள்ளைக்காரர்கள் வந்தபின் ஓர் ஆயுள் காலத்துக்குள் அத்தனை காட்டெருமையும் சுட்டு அழிக்கப்பட்டதை, அதற்குப் பிறகு வந்த பட்டினியை, அந்தப் பட்டினியில் அவள் குடும்பத்தில் யார் யார் போனார்கள் என்பதை. இப்போது அவர்கள் ஆட்களே மறுபடி மந்தைகளைக் கொண்டுவந்து விட்டு வளர்க்கிறார்களாம். முதல் மந்தையை இறக்கிவிட்ட நாளில் வயசாளிகள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அவை எங்களுக்குத் தீனி மட்டும் இல்லை, சொந்தம் என்றாள். அந்தக் காற்றில் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் வீட்டில் நின்றுகொண்டே, கை கால்களை ஆட்டிச் சொன்னேன். அண்ணன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, எருமைய மலையிலேர்ந்து தள்ளிக் கொல்ற கதையவா எங்கிட்ட சொல்ற?”

“மல எதுக்குண்ணே? மலைக்குப் பதிலா நம்ம பட்டி. அவங்க கொல்ற எடத்துல நாம கட்டிப்போடப் போறோம், அவ்ளோதான்லா!”

அண்ணி, “செஞ்சுதான் பாப்பமே” என்றார். அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுப் பட்டியின் உடைந்த கட்டையைச் சரி செய்யப் போய்விட்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் தோழிக்குப் போன் போட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து பேருந்துக்கு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு மூன்று கேள்வி கேட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? வரிசையில் நிற்கப்போவது யார்? முன்னால் ஓடப்போவது யார்? அதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், “எல்லாத்துக்கும் ஆள் இருக்கு!” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அது என்னைப் பார்த்தே சொன்னது.

ஆள் என்றால் அப்படி ஓர் ஆள் கூட்டம். அண்ணி இரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். தோட்டத்தில் மிச்சமிருந்த ஏழெட்டுக் குடும்பம், லயத்து வரிசை வீடுகளை விட்டுப் போய்ப் பல வருஷமாக டவுனில் அடுக்குமாடியில் இருக்கிறவர்கள், எல்லாமாக நாற்பது பேருக்கு மேல். ஒருவர் கோயில் உறுமி மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொரு வீட்டார் சட்டி நிறைய பிரியாணியோடு. வேட்டையா திருவிழாவா என்று தெரியவில்லை, ஆனால் எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளை இழுத்து வந்து, புதர்க்காட்டு ஓரத்திலிருந்து பட்டி வரைக்கும் இரண்டு வரிசையாகக் குவித்தோம். மேசையில் கிடந்த கிழங்குத் தோல் அப்படியே பெரிதாகிக் கண் முன்னால் கிடந்தது. ஒவ்வொரு குவியலுக்குப் பின்னால் ஒரு குடும்பம். பையன்கள் நான்கு பேர் சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

வந்தன. ஐந்தும் வந்தன! பெரியவள் முன்னால், மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஒழுங்காக வரிசைக்குள் நுழைந்தாள். முதல் குவியலுக்கு வந்தாள். நின்றாள். குவியலைச் சுற்றிப்போய், பின்னால் குந்தியிருந்த ஒரு பெரியம்மாவின் எதிரில் நின்றுகொண்டு தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் வண்டி திரும்பும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பேசினில் கஞ்சித்தண்ணீரும் காய்கறித் தோலும் இருக்கும். எருமைகள் வீடு வீடாக நின்று குடித்துவிட்டுத்தான் பட்டிக்குப் போகும். ஒரு வீட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டாது. நாங்கள் இருபுறமும் வரிசை கட்டி, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு குடும்பமாக உட்கார்ந்து, லயத்தையே அங்கே கட்டி வைத்திருந்தோம். காற்றும் எங்களிடமிருந்து அவற்றை நோக்கித்தான் அடித்தது. லயத்து ஆட்களின் வாசனை அவற்றுக்கு அத்துப்படி. காட்டெருமை மனுஷ வாசனைக்கு விலகி ஓடும். எங்கள் எருமைக்கு மோட்டாரைக் கண்டால்தான் மிரட்சி, கஞ்சி ஊற்றிய கையைக் கண்டால் இல்லை. பேசின் எங்கே என்று ஆளாளிடம் கேட்டுக்கொண்டு நின்றது.

“ஐயோ, எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, போம்மா, நேரா போம்மா” என்று அந்தப் பெரியம்மா கெஞ்சுகிறார். இன்னொரு வீட்டார் மனசு கேட்காமல் பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். சிரிப்பு பொங்கியது. அந்தச் சிரிப்பில் உறுமிக்காரருக்கு உற்சாகம் பிறந்து, விரட்டுகிறேன் என்று ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தார்.

அவ்வளவுதான். ஐந்தும் திரும்பின. மட்டைக் குவியல் பறந்தது, ஆட்கள் உருண்டார்கள். கடைசியாக நான் பார்த்தது ஐந்து கரிய முதுகுகள் கடற்கரைச் சாலையை நோக்கிப் போவதைத்தான். சனிக்கிழமை, கடலுக்கு வருகிற கார்கள் வரிசையாக நிற்கும் நேரம். அந்தப் பக்கம் துரியான் தோப்பு வைத்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், அவர் மட்டும் தன் மோட்டாரைச் சாலைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு கைகளையும் விரித்து நின்று கார்களை நிறுத்தியிருக்காவிட்டால் திங்கட்கிழமைவரை யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். எருமைகள் நிழல் தேடி மறுபடியும் புதருக்குள் போயின.

அண்ணன் பட்டிக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். புதிதாக அடித்த ஆணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“போதும்மா. திங்கக்கெழம வந்து சுடட்டும். ரோட்டுல யாராச்சும் செத்தா அந்தப் பாவத்த யாரு சொமக்கறது?”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்.

ஞாயிறு காலை மறுபடி தோழியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டேன், ஒன்றுக்காவது பதில் சொன்னாயா என்றாள். வரிசையில் நிற்கிறவர்கள் மந்தையைக் கொண்டுவருவதில்லை, மந்தை வழி தவறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவர்கள் வேலை. கொண்டுவருகிறவன் முன்னால் போகிறவன். அவன் அந்த மந்தையோடு நாள் கணக்கில் இருந்து, எந்தத் தாய்க்கு எந்தச் சத்தம் என்று தெரிந்து வைத்திருப்பான். அப்படி ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

போனை வைத்துவிட்டு, கன்றுபோலக் கத்தத் தெரிந்தவர் யார் என்று வீட்டுக்குள் கேட்டேன். அண்ணன் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அண்ணி என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்.

“ஒங்கண்ணனுக்குத் தெரியும். பெரியவ கன்னு போட்டிருந்தப்ப, அவ பட்டிக்கு வர லேட்டாச்சின்னா இவருதான் கன்னு மாதிரி கத்துவாரு. காட்டோட எந்த மூலையில இருந்தாலும் ஓடியாருவா. மூணு மாசத்துக்கு முன்ன ஒரு கல்யாண விருந்துக்கு அந்தக் கன்னக் கறிக்குக் குடுத்துட்டோம். அதுலேர்ந்து அந்தச் சத்தத்த அவரு வாயில கேட்டதில்ல.”

கொல்லையில் அண்ணன் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே.”

“அந்தச் சத்தத்த நா போட மாட்டேன்.”

“போட்டா பெரியவ வருவாண்ணே.”

“வருவாதான். அதான் மாட்டேங்கறேன்.”

காங்கிரீட் தூண் அடிக்கிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை, அதனால் புதர்க்காட்டிலிருந்து எருமை மூச்சு விடுவதுகூடக் கேட்கும் போலிருந்தது. அண்ணன் அந்தப் பக்கமே காதைக் கொடுத்து நின்றுவிட்டுத் திரும்பினார்.

“கோணிச்சாக்கு ரெண்டு எடு. சேத்துல நல்லா ஊற வையி. கன்னு நெறம் வரணும்” என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கவில்லை. சாக்கை எடுக்க ஓடினேன்.

இந்தத் தடவை ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தோம். மத்தியானம் வரை காத்திருந்தோம். பிற்பகலில் கடலிலிருந்து தோட்டத்தை நோக்கிக் காற்று திரும்பும், அப்போது எங்கள் வாசனை எருமைகளுக்குப் போகாது. பின்னாலிருந்து வருகிறவர்கள் எருமைக்குப் பழக்கமில்லாதவர்களாக இருக்க வேண்டும். பாக்சிக் பக்கத்து ஊரான சுவாவிலிருந்து தன் உறவுக்காரர்கள் நால்வரை அழைத்து வந்தார். நால்வரும் மோட்டாருக்குப் போடும் மஞ்சள் மழைக்கோட்டை அணிந்து, அந்த வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள்தான் எங்கள் ஓநாய். “ஜாங்ஙான் லாரி, ஜாலான் சாஜா” என்றார் பாக்சிக் அவர்களிடம். ஓடக்கூடாது, நடந்தால் போதும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரே கட்டளை. படுத்திருக்க வேண்டும், பேசக்கூடாது. எங்கள் சனத்தை வெட்டிப் போடுவது சுலபம், பேசாமல் இருக்கவைப்பது கஷ்டம். “மூச்சு விடலாமா?” என்று ஒருவர் கேட்டார். “போன ஆஃப் பண்ணியாச்சா, போன ஆஃப் பண்ணியாச்சா” என்று இன்னொருவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டே வர, அவருடைய போனே பக்திப் பாட்டோடு அடித்தது. உறுமியை அண்ணி வாங்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பட்டி வாசலுக்குப் பக்கத்தில், வேலியோரம் ஒரு பலகையை உயரமாக அடித்து வைத்தோம். அண்ணன் கடைசி நொடியில் அதில் ஏறி ஒதுங்கிவிட வேண்டும், எருமைகள் அவரைக் கடந்து உள்ளே போய்விடும். அங்கே பாறை விளிம்பிலும் முன்னால் ஓடியவன் அப்படித்தான் ஒதுங்குவானாம். நான் வரிசை வளையும் இடத்தில், அண்ணன் கைலி ஒன்றோடு படுத்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். சேறு சொட்டும் சாக்கைத் தலையோடு போர்த்தி, ஐம்பதை எட்டப்போகும் என் அண்ணன், பொது இடத்தில் சத்தமாகத் தும்முவதற்கே கூச்சப்படுகிறவர், நாற்பது பேர் பார்க்க நான்கு காலில் தவழ்ந்து புதர் ஓரத்துக்குப் போனார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு அந்தச் சத்தம். மெல்லியதாக, மூக்கால், பாதியில் உடைகிற மாதிரி ஒரு கத்தல். மனுஷன் குரல் என்று தெரிந்தும் எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

புதர் அசைந்தது. பெரியவளின் கொம்பு முதலில் தெரிந்தது. காதை முன்னால் தள்ளி நின்றாள். அண்ணன் மறுபடி கத்தினார், திரும்பித் தவழ்ந்தார், தவழ்ந்தபடியே இன்னொரு தடவை. பெரியவள் அடிவயிற்றிலிருந்து பதில் சொன்னாள், சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவற்றுக்கும் பின்னால் மஞ்சள் கோட்டுகள், நிதானமாக. இளசு ஒன்று திரும்பிப் பார்த்து மிரண்டு முன்னால் இருந்ததை இடித்தது. நடை ஓட்டமானது.

அண்ணன் எழுந்துவிட்டார். இனித் தவழ்ந்தால் மிதிபட வேண்டியதுதான். குனிந்தபடி, சாக்கு இரண்டு பக்கமும் அடிக்க, தொப்பை குலுங்க, கத்திக்கொண்டே ஓடினார். அவருக்குப் பின்னால் இருபது காலும் சேர்ந்து ஓடி வந்தன. ஓடுங்கண்ணே, ஓடுங்கண்ணே என்று வாய்க்குள்ளேயே கத்தினேன். வளைவில் இளசு என் பக்கம் ஒதுங்கியது. எனக்கு எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கைலியை இரண்டு கைகளாலும் உதறினேன். அதன் கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன், மூச்சு முகத்தில் அடித்தது, அப்படியே திரும்பி வரிசைக்குள் போய்விட்டது. எதிர்வரிசையிலும் சேலையும் துண்டும் எழுந்து எழுந்து அமர்ந்தன. யாரும் வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு காரியத்தை நாற்பது பேர் சேர்ந்து செய்து நான் பார்த்ததில்லை.

பட்டி வாசல் நெருங்கியது. பலகை இடது பக்கம். அண்ணன் பலகையைப் பார்த்தார், நான் நன்றாகக் கண்டேன். ஏறவில்லை. ஏறி ஒதுங்கினால் பெரியவள் கன்றுக்குப் பின்னால் அந்தப் பக்கமே திரும்பிவிடுவாள், அவளோடு நான்கும். நேராக உள்ளே ஓடிவிட்டார். அவர் பின்னாலேயே ஐந்தும் புகுந்தன. அண்ணி கதவை இழுத்து, கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டு, அப்புறம்தான், “ஏங்க!” என்று அலறினார்.

உள்ளே புழுதி. ஒன்றும் தெரியவில்லை. நான் எப்படி அவ்வளவு தூரம் ஓடினேனோ, வேலியைப் பிடித்து ஏறி எட்டிப் பார்த்தேன். பின்னால் கூட்டம் அடக்கி வைத்திருந்த சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கொட்டியது. விசில், கைத்தட்டல், யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். பாக்சிக் மழைக்கோட்டுக்காரர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

புழுதி அடங்கியது. நான்கு எருமைகளும் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை விட்டுக்கொண்டு நின்றன. பின்வேலியை ஒட்டி, சேற்றில், அண்ணன் முழங்காலில் இருந்தார். அடி ஒன்றும் படவில்லை. சாக்கு இன்னும் தலையில் இருந்தது. பெரியவள் அவர் முகத்தை முகர்ந்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. மூக்கால் சாக்கின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். அவரைச் சுற்றிப்போய் முதுகுக்குப் பின்னால், வேலிக்கும் அவருக்கும் நடுவில் பார்த்தாள். மெதுவாக ஒரு குரல் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து சாக்கைத் தூக்கினாள்.

பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தட்டுவதை நிறுத்தினார்கள்.

“அண்ணே, எந்திரிச்சி வாங்க. எல்லாம் உள்ள வந்தாச்சு. நாளைக்கு யாரும் சுட வரமாட்டாங்க” என்றேன்.

அண்ணன் அசையவில்லை. அவள் தூக்குவதற்கு வசதியாகச் சாக்கின் நுனியைக் கையால் உயர்த்திப் பிடித்திருந்தார்.

“நீங்க போயி சாப்புடுங்க. அவ தேடி முடிக்கட்டும். ஏமாத்திப்புட்டு ஒடனே எந்திரிச்சி வந்துற முடியுமா?” என்றார்.

நாங்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை.